பூதத்திடம் போனவள்

மலையுச்சியில் பூதம் அலறத் தொடங்கி மூன்று நாளாயிற்று. அதைக் கொல்பவருக்குப் பாதி நாடு தருவதாக அரசன் அறிவித்தான். வாளோடு போனவர்கள் அடிவாரத்திலிருந்தே திரும்பிவிட்டார்கள். நாலாம் நாள் நண்பகலில் வடிவாம்பாள் வெறுங்கையோடு ஏறிப்போனாள்.

“எல்லாரும் பாதி நாட்டுக்காக வந்தாங்க. நீ எதுக்கு வந்த?” என்றது பூதம்.

“மூணு நாளாக் காய்ச்சல்ல கெடந்த எம்பொண்ணு இப்பத்தான் அவ அப்பன் மடியில கண்ணசந்திருக்கா. கொஞ்சம் மெதுவா அழேன்.”

பூதம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. அதன் இடது கன்னம் வீங்கியிருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

“பல்வலியா? இரு, கீழ போயி கிராம்பு எடுத்துட்டு வரேன்.”

“அவசரமில்ல. பாப்பா முழிச்சப்புறம் வா” என்று பூதம் கிசுகிசுத்தது.