புள்ளி ஐந்து

ஸ்க்ரூடிரைவரின் தண்டில் அவள் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஐந்து சுற்று. ஆறாவதில் நழுவியது.

"இழுத்துப் பிடிச்சு சுத்து, சரளா," என்றான் அவன், கட்டிலில் சாய்ந்தபடி.

முன்பெல்லாம் அவனே சுற்றுவான். வேப் என்கிற மின்சிகரெட்டுக்குள் வைக்கும் 'காயில்' என்ற கம்பிச் சுருள் அவன் கையால் சுற்றியதாகவே வேண்டுமென்று கிள்ளான் நகர் முழுக்க இருந்து கூட்டாளிகள் வீடு தேடி வருவார்கள். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு விரல் நுனிகள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிடுகிறாள்.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்த அன்றே அவனுடைய வேப்பைப் பறித்துக்கொண்டாள். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். கீழ் வீட்டில் யாராவது ஊதினால்கூட ஜன்னலைச் சாத்துவாள்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நாற்காலி போட்டு ஏறினாள். அலமாரியின் மேலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்துப் பிரித்தாள்.

வேப், கம்பி, பஞ்சு, மீட்டர். எல்லாம் பத்திரமாக இருந்தன.

எப்படிச் செய்வது என்று கேட்டாள்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பியின் இரு முனைகளையும் வேப்பின் துளைகளில் செருகச் சொன்னான். மீட்டரில் வைத்துப் பார்க்காமல் பட்டனை அழுத்தவே கூடாது, புள்ளி ஐந்தில் நின்றால் சரி, எண் ரொம்ப இறங்கினால் பேட்டரி சூடாகி வெடித்துவிடும் என்றான்.

மீட்டரில் வைத்தாள். எண் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கியது.

ஸ்க்ரூ லூசாக இருக்கும் என்றான். இறுக்கினாள்.

புள்ளி ஐந்து ஓம். அசையவில்லை.

பட்டனை அழுத்தினாள். காயில் நடுவிலிருந்து சிவந்து, அணைந்தது.

"இதானே சரி?"

அவள் நிமிர்ந்து கேட்டபோதுதான் முகத்தைப் பார்த்தான். இமைகள் வீங்கியிருந்தன.

காலையில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவன் சக்கர நாற்காலியில், மருந்து கொடுக்கும் இடத்தருகே காத்திருந்தான். திரும்பி வந்தவள் அடுத்த ஊசிக்கு நாள் வாங்கவில்லை. கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

அவனும் சரி என்றிருந்தான்.

அவள் பஞ்சைக் கிள்ளி எடுத்தாள். அதைக் காயிலுக்குள் நுழைத்தால் வேலை முடிந்துவிடும்.

புகை இழுக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

"அது சரியில்ல," என்றான். "அவுத்துட்டு முதல்லேருந்து சுத்து."

அவள் மீட்டரைப் பார்த்தாள். அதே புள்ளி ஐந்து.

அவனைப் பார்க்கவில்லை.

ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். கம்பியை உருவி, நகத்தால் நீவி நேராக்கினாள். பிறகு எழுந்து வந்து, கட்டிலில் அவனை ஒட்டி உட்கார்ந்து, மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள்.