விடுதியில் தூங்கும் வில்லாளி

"இன்னும் எத்தனை நாள் வில்லாளியை விடுதியிலேயே தூங்க வைப்பீங்க, அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டான்.

அவள், கணவன், கொழுந்தன் மூவருக்கும் பிடித்த மாயாஜால நாவல் ஒன்றின் உலகத்தைப் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் பகடை ஆட்டமாக மாற்றி நடத்துபவள் அவள். ஆட்டத்தில் சேராதவரின் பாத்திரம் விடுதியில் தூங்குவதாக வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். வில்லாளி, அவள் கணவனின் பாத்திரம்.

"நாவல்ல நாற்பது நாள் கண்ணு முழிக்காதவங்களைப் படகுல ஏத்தி ஆத்தோட அனுப்பிடுவாங்க. இன்னிக்கு நாற்பத்தொண்ணு."

"அந்த விதியை எடுத்துட்டேன்."

"குதிரையோட நிறத்தை நான் மாத்தினதுக்கே ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. இப்ப நீங்களே மாத்தலாமா?"

அவள் பகடையை உருட்டினாள். அது வரைபடத்தைத் தாண்டி ஓடி, வெள்ளைப் போர்வையின் மேல், கணவனின் அசையாத விரல்களில் முட்டி நின்றது. என்ன எண் விழுந்தது என்று இருவருமே பார்க்கவில்லை.

நர்ஸ் கதவைத் தட்டினாள். "டாக்டர் கேக்கறாரும்மா. மூச்சு மெஷினை எடுக்கற பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

அவள் நாவலை மூடினாள்.

"அந்த விதியைத் திரும்பச் சேத்துடு" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.