கொட்டகை ஒழித்த நாள்

"அதை ஏன்டி குப்பையில போடற? என் புள்ள வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

பச்சையம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மருமகள் அர்ச்சனா புருஷனின் கிழிந்த மழைக்கோட்டைச் சாக்கில் திணித்துவிட்டு அடுத்த சாமானை எடுத்தாள்.

ஜெகதீஸ்வரன் ஏரியோடு போய்விட்டான். விடிந்து பார்த்தபோது அவனுடைய போட்டு மட்டும் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காலியாக மிதந்தது. ஊரே திரண்டு தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. நாளைக்குக் காரியம். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்று, வீட்டை ஒட்டியிருந்த அவனுடைய கொட்டகையை மாமியாரும் மருமகளும் ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகை என்று பேர்தான். அந்த மனுஷன் எதையும் தூக்கி எறியவும் மாட்டான், எடுத்த இடத்தில் வைக்கவும் மாட்டான். செத்த பேட்டரி, டயர் இல்லாத சைக்கிள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, தெர்மாகோல் மீன் பெட்டி, கந்தல் வலை எல்லாம் வாசல் வரைக்கும் குவிந்து கிடந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தான் ஒருத்தியே பார்த்துக்கொள்வதாகவும் அத்தை போய்ப் படுக்கலாம் என்றும் அர்ச்சனா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பச்சையம்மா கேட்டால்தானே. தான் நகர்ந்தால் மகனுடைய சாமானையெல்லாம் இவள் மொத்தமாகக் குப்பையில் கொட்டிவிடுவாள் என்று அவளுக்குப் பயம்.

அர்ச்சனா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதில் ஊருக்கே குறை. ஒப்பாரி வைக்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். சோறு போட்டால் தின்றாள், கூப்பிட்டால் திரும்பினாள், அவ்வளவுதான். பாவம், பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். நெஞ்சழுத்தக்காரி என்றார்கள் மற்றவர்கள்.

பச்சையம்மாவோ காரியமே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் பெற்ற பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் விட முடியாது என்றாள்.

ஆனால் காரியம் முடிந்தால்தான் ஜெகதீஸ்வரனின் பாட்டை ஊர்க்கூட்டம் பெண்டாட்டி பேருக்கு மாற்றும். பாடு என்றால் ஏரியில் முறை வைத்து வலை போடுகிற உரிமை. அந்த முறைக்குக் கொழுந்தன் உதயகுமார் வலை போட்டுப் பாதி மீனைக் கொடுத்தால், அர்ச்சனாவும் அவள் மகள் ஆர்த்தியும் பிழைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

அதுவும் தண்ணீரில் போனவன் வீட்டுக்குத்தான். ஊரை விட்டு ஓடினவன் பேரை அடித்துவிடுவார்கள். பின்தெரு இருசம்மாளின் புருஷன் அப்படி ஓடினவன்தான். அவள் இன்றைக்கு இறால் தோல் உரிக்கும் கூலிக்குப் போய், விரல் நுனியெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறாள். ஊருக்கு இரக்கம் உண்டு, ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்.

மத்தியானத்துக்குள் கொட்டகையில் தரை தெரிந்தது. பச்சையம்மா நல்ல வலைகளை மட்டும் உதறி, மகன் சுவரில் அடித்து வைத்திருந்த ஆணிகளில் மாட்டினாள். இறால் வலையை மாட்டினாள், நண்டு வலையை மாட்டினாள். மூன்றாவது ஆணி மடவை மீன் வலைக்கு. அதைத்தான் அன்றைக்கு எடுத்துப் போயிருப்பான் என்று சொல்லிச் சொல்லி, காலி ஆணியைத் தடவிக்கொண்டு அழுதாள்.

அர்ச்சனா மூலையில் இருந்த மீன் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தாள். அதையும் ஒழிக்க வேண்டும், எழுந்திரு என்றாள் பச்சையம்மா. அவள் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டுப் பச்சையம்மாவே மூடியைத் திறந்தாள்.

உள்ளே மடவை வலை இருந்தது. மடித்தது மடித்தபடி, ஈரமே படாமல் இருந்தது.

பச்சையம்மா அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். "மூணு வலையும் இங்கியே இருக்குது. அப்போ அவன் ஏரிக்கே போவலடி. என் புள்ள உசுரோட இருக்கான்டி."

உதயகுமாரைக் கூப்பிட வாசலுக்கு ஓடப் பார்த்தாள். அர்ச்சனா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூளூர்ப்பேட்டையில அவருக்கு வேற குடும்பம் இருக்குது அத்தே. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு."

"அப்போ போட்டு எப்படிடி முகத்துவாரத்துக்குப் போச்சு?"

"நான்தான் அவுத்துத் தள்ளிவுட்டேன்."

சொன்ன குரலில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. இத்தனை நாளும் தன்னைக் கதறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று பச்சையம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அறைவதற்குக் கையை ஓங்கினாள். ஆர்த்தியின் நினைப்பு வந்ததும் ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. பச்சையம்மாவுக்கும் அழுகை நின்றுபோயிருந்தது.

வெளியே குப்பைக்குத் தீ மூட்டியிருந்த உதயகுமார் உள்ளே வரும் சத்தம் கேட்டது. பச்சையம்மா மடவை வலையை வாரிச் சுருட்டிச் சாக்குக்குள் திணித்தாள். அதன் வாயை இறுக்கிக் கட்டி, காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

கனத்த சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "இதுல இன்னாம்மா இருக்குது?"

"செத்தவன் சாமான்டா. கொளுத்திடு."