வீட்டார் பட்டியல்

பொலிஸ் ஜீப் அம்பிட்டிய வீட்டு வாசலில் நின்றபோது, நவரட்ணராஜா தம் மருமகன் விவேகானந்தனுக்குக் கண்டிக் குளிரின் மேன்மைகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

மருமகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு நாள். பொலிசுக்குக் கொடுத்த வீட்டார் பட்டியலில் அவன் பெயர் இல்லை. வடக்கில் சண்டை மூண்டிருந்த அந்நாட்களில், பட்டியலில் இல்லாத யாழ்ப்பாணத்து இளைஞர்களை ஜீப்பில் ஏற்றுவார்கள்; இறக்கியதாகச் செய்தி வருவது அபூர்வம்.

"மாமா, பின்பக்கத்தால ஓடட்டே?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி, இந்தியாக்காரி, எட்டிப் பார்த்தாள்.

அவளை அவர் அவ்வாறே அழைப்பார். அவளும் அவளைப் பெற்றவளும் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பது உண்மையே. அவர் சாவகச்சேரியில் ரயிலேறி, உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தது அறுபத்தொன்றில் என்பதும் உண்மையே. ஆயினும் வந்தவர் யார், இருந்தவர் யார் என்பதில் அவருக்கு ஒருபோதும் ஐயம் எழுந்ததில்லை.

"தம்பி, சட்டையக் கழட்டிட்டுக் கோடாரியப் புடிங்க. வாயத் தொறக்காதீங்க" என்றாள் அவள்.

சார்ஜன்ட் உள்ளே வந்தபோது, கணக்கியல் பட்டதாரி ஒருவன் முற்றத்தில் விறகோடு போராடிக்கொண்டிருந்தான்.

தன் மகன், விறகு பிளக்கத் தோட்டத்திலிருந்து வந்தவன் என்று அவள் சரளமான சிங்களத்தில் சொன்னாள். அடையாள அட்டையா? இந்தியாக்காரருக்கு அதையெல்லாம் யார் கொடுக்கிறார்கள், மாத்தயா?

சார்ஜன்ட் வாய்விட்டுச் சிரித்தார். இந்தியாக்காரர் என்றால் தொல்லையில்லை என்றார். நவரட்ணராஜாவும், மரியாதை கருதி, சிரித்தார்.

தங்குகிறவன் பெயரை உடனே பட்டியலில் சேர்க்கும்படி உத்தரவாயிற்று. முத்து முத்தான எழுத்தில் அவர் எழுதினார்: விவேகானந்தன். இனம், இந்தியத் தமிழர்.

சொந்தத் தங்கையின் மகனைக் கடல் கடத்த அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

சார்ஜன்ட் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மகன் இருக்கிறான், தாய் எங்கே என்று கேட்டார்.

ஒன்பது வருடமாகக் குசினியை ஒட்டிய அறையில் படுப்பவள் வீட்டாரில் ஒருத்தி என்று நவரட்ணராஜாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. இதோ எழுதிவிடுவதாக மிகுந்த பணிவுடன் கூறி, பேனாவைத் தாளில் வைத்தார்.

பேனா நகரவில்லை.

சார்ஜன்டின் பார்வை பேனாவை விட்டு, முற்றத்துக் கோடாரிக்குப் போயிற்று.

நவரட்ணராஜா அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"பிள்ளை... உன்ர பேர் என்ன?"

அவள் தன் ஈரக் கைகளைச் சேலையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.