அளக்காத குரோமியம்

"அளந்து பார்த்தீங்களா இல்லையா ஐயா? அதை மட்டும் சொல்லுங்க."

சிகுசா கேட்டதும், தன் வீட்டில் அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நுகாதாவின் கை நின்றது. முன்பு மினாசே ஊரின் குப்பை எரிப்பு ஆலை ஆய்வுக்கூடத்துக்கு அவர் தலைவர். இப்போது அவள்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஆலைச் சாம்பலைச் சிமெண்டோடு கலந்து கல்லாக்கி, பாலர் பள்ளிப் பாதையில் பதித்தார்கள். போன வாரம் பெய்த மழையில் அந்தக் கற்களின் நடுவே தண்ணீர் மஞ்சளாகத் தேங்கியது.

சாம்பலில் குரோமியம் இருப்பது புதிதல்ல. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒன்று கல்லுக்குள்ளேயே கிடக்கும். மற்றொன்று தண்ணீரில் கரைந்து வந்து உடம்பைக் கெடுக்கும்.

"அப்போ கொடுத்த அறிக்கையில 'எல்லாம் கேடில்லாத வடிவம்'னு இருக்கு. கீழே உங்க கையெழுத்து."

நுகாதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அளக்கல. மொத்த அளவை மட்டும் பார்த்துட்டு, வடிவத்தை ஊகமா எழுதிட்டேன்."

"நாளைக்கு ஊர்க் கூட்டத்துல இதையே சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

மறுநாள் காலை ஊர் மண்டபத்தில் உட்கார இடமில்லை. நுகாதா மேடையில் நின்று அதையே சொன்னார். இடுப்பு வரை குனிந்தார். நிமிரவில்லை.

"பென்ஷனை எண்ணி வாங்கத் தெரியுது, இதை அளக்கத் தெரியலையா பெரியவரே?" மீன்கடை இசோபே கத்தினார்.

"என் பொண்ணு அந்தத் தண்ணியிலதான் தினமும் குதிச்சு விளையாடினா. அவ கால் பூரா புண்ணு," என்றாள் ஒரு தாய்.

நுகாதா இன்னும் குனிந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிகுசா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொதித்தது.

"பாருங்க இந்தப் பொண்ணை!" இசோபே அவளைக் காட்டினார். "பெரிய மனுஷன்னு பார்க்காம உண்மையை வெளியே கொண்டாந்திருக்கு. அன்னைக்கே இவ மாதிரி ஒருத்தி அங்க இருந்திருக்கணும்!"

மண்டபமே கைதட்டியது.

சிகுசா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வேண்டாம்மா, உட்காரு," என்றார் நுகாதா, குனிந்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். கைதட்டல் அடங்கும்வரை நின்றாள்.

"ஐயா சொன்னது பொய். வடிவத்தை அளக்காம எழுதினது, அப்போ அவர்கிட்ட வேலை பார்த்த எங்கம்மா. ஐயா கையெழுத்து மட்டும்தான் போட்டார். அவங்க கையால எழுதின நோட்டைப் படிச்சிட்டு, பழியை ஐயா தலையில போடத்தான் நான் நேத்து அவர் வீட்டுக்கே போனேன்."