பிரம்பில்லாப் பள்ளி

"பிள்ளைங்க தலையில அடிக்கப் போறீங்களா?"

தலைமையாசிரியர் தீரஜ்லால் பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார்.

"வெறும் பேப்பர்தான், சாஹேப்" என்றாள் ரசீலாபென். பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். "ஓங்குறதோட சரி. மேல படாது."

"படுதோ இல்லையோ, எங்க பிள்ளைங்க ஓங்கின கையையே பார்த்ததில்ல பென். பயந்துடுவாங்க."

ராஜ்கோட்டில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. பதினாறு வருடமாக. வருடத்துக்கு ஒரு பள்ளிக்கு 'பிரம்பில்லாப் பள்ளி' என்று பித்தளைப் பலகை கொடுப்பார்கள். எந்தப் பள்ளிக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். இந்த வருடம் மூன்று பள்ளிகள் வந்தன. மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டாள். இது நான்காவது, கடைசி.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் கனுபாய் வாய் நிறைய பேடாவோடு வந்தார். தீரஜ்லால் கொண்டுவந்த பேடா.

"இந்த அம்மாவுக்கு யாரையுமே புடிக்காது சாஹேப். அந்தச் சுவத்துப் படத்துல இருக்கிற காந்தி பாபுவே பள்ளிக்கூடம் நடத்திட்டு வந்தாலும் ஃபெயில்தான்."

"கனுபாய், வாசல்ல யாராவது வந்து நிக்கப் போறாங்க. போங்க."

"யாரு வரா? போன வாரம் வந்ததே, அது பிள்ளைங்களா குரங்குங்களா? ஒண்ணு ராட்டை மேலயே ஏறி உக்காந்துச்சு. இதுங்களைப் பாருங்க பென். மூச்சு விடுற சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லைதான். ஆறாம் வகுப்பு, முப்பத்திரண்டு பேர். ஒரு கண்ணாடிப் பெட்டியிலும் ஒரு விரல் பதியவில்லை.

தீரஜ்லால் குரலைத் தணித்தார். "மார்ச்ல ரிட்டயர் ஆறேன் பென். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பலகையை எங்க வாசல்ல மாட்டிடணும். வேற ஆசை ஒண்ணுமில்ல."

சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கண்ணுங்களா, பாபு நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தாரு?"

"உண்மையே பேசணும்! யாரையும் அடிக்கக் கூடாது!" முப்பத்திரண்டு குரலும் ஒரே குரல்.

"நம்ம பள்ளிக்கூடத்துல பிரம்பு உண்டா?"

"இல்லே சாஹேப்!"

"கேட்டீங்களா?" என்றார் கனுபாய், ரசீலாபென்னைப் பார்த்து. "கையெழுத்தைப் போட்டுட்டு சாப்பிடப் போங்க. பச்சப் பிள்ளைங்க முன்னாடி லத்தியைத் தூக்கிக்கிட்டு! கல்லு மனசு."

படிவத்தில் 'தகுதி உண்டு' என்று ரசீலாபென் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனால் வருகிற எல்லாப் பள்ளிக்கும் இந்த விளையாட்டு உண்டு. இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

"பிள்ளைங்க சிரிச்சுட்டுப் போகட்டும் சாஹேப். வேற ஒண்ணுமில்ல."

"சரி பென்" என்று ஒதுங்கினார் தீரஜ்லால். "மெதுவா."

சுவரில் இருந்த பெரிய படத்தைக் காட்டினாள். உப்பளத்தை நோக்கி வரிசையாக நடக்கிறவர்கள். எதிரே தடிகளோடு போலீஸ்.

"அடி விழும்னு இவங்களுக்குத் தெரியும். ஆனாலும் கையைத் தூக்கித் தடுக்கல. அது எவ்வளவு கஷ்டம்னு இப்ப பார்க்கலாமா? நான் ஓங்குவேன். தலையை மறைக்காம யாரு நிக்கிறீங்களோ அவங்க ஜெயிச்சாங்க. முதல் தடவையே ஜெயிச்சவங்க இதுவரைக்கும் யாருமில்ல. நானும் தோத்தவதான்."

தோற்பது சுலபம். பிள்ளைகள் குனிவார்கள், கத்துவார்கள், அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு மாதிரி.

"தயாரா?"

சுருட்டிய தாளைத் தலைக்கு மேலே ஓங்கினாள்.

ஒருவரும் குனியவில்லை. ஒருவரும் கத்தவில்லை. தலையை மறைக்க ஒரு கைகூட மேலே போகவில்லை.

"அட, எல்லாரும் ஜெயிச்சுட்..." என்று ஆரம்பித்த கனுபாய் பாதியில் நிறுத்தினார்.

முப்பத்திரண்டு வலது கைகள், உள்ளங்கையை விரித்தபடி, அவள் முன்னால் நீண்டிருந்தன.

"கையை இறக்குங்க கண்ணுங்களா" என்றார் தீரஜ்லால். தேன் மாதிரிதான் சொன்னார்.

ஒரு கையும் இறங்கவில்லை. முன்வரிசையில் இருந்த சிறுமி ஹேதல், கண்ணாடி வளையல்கள் உடையாமலிருக்க அவற்றை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, பணிவாகக் கேட்டாள்:

"ஒரு கையா பென், ரெண்டு கையுமா?"