ஆடாத கை

"எல்லைக்கல்லைத் தோண்டி நகத்துதான் மக்கா, அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணன்குட்டி. அவனைக் கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன்!"

பனச்சமூட்டில் சஜுவின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் சுந்தரதாஸ். "செல்போன்ல எடுத்தா ரப்பர் மர நிழல்ல மூஞ்சி கறுத்துப் போவுது. மூஞ்சி தெரிஞ்சா வெயில்ல கெடக்குத கல்லு வெளுத்துப் போவுது."

"அதுக்கு எச்.டி.ஆர். உண்டு மாமா. வெளிச்சம் கூட்டியும் குறைச்சும் மூணு படம் எடுத்து ஒண்ணாச் சேத்துத் தரும்."

சஜு தன் கேமராவையே ஸ்டாண்டோடு கொடுத்து அனுப்பினான்.

மறுநாள் கிருஷ்ணன்குட்டி மண்வெட்டியை ஓங்கியபோது, புதருக்குள் ஒளிந்திருந்து பட்டனை அமுக்கினார் சுந்தரதாஸ். சஜு உறையிலிட்டுத் தந்த பிரிண்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

எஸ்.ஐ. சிரித்தார். "எடோ, இந்த ஆளுக்கு மூணு கையும் ரெண்டு தலையும் உண்டே! கம்ப்யூட்டர்ல உண்டாக்கிக் கள்ளப் புகார் கொடுக்க வந்தியா? உன்னைத்தான் உள்ளே போடணும்."

திரும்பி வந்து ஸ்டூடியோ மேசையில் ஓங்கி அடித்தார் சுந்தரதாஸ். "என்னலே படம் இது?"

"ஆடுத ஆளை எடுத்தா மூணு படமும் ஒட்டாது மாமா. பேய் மாதிரிதான் விழும்."

"தெரிஞ்சா ஏம்லே முன்னாடியே சொல்லல?"

சஜு லென்சைத் துடைத்தபடியே பேசினான். "உங்க மக சோனாவைக் கட்டித் தாங்கன்னு வந்து கேட்டேன். மறுவாரமே, 'பாறசாலை சர்ச்சுல ஒரு நிச்சயம், படம் எடுக்க வா மக்கா'ன்னு கூப்பிட்டீங்க. பெண்ணு சோனாதான்னு முன்னாடியே சொன்னீங்களா மாமா?"

சுந்தரதாஸ் படத்தை எடுத்து உறைக்குள் திணித்தார்.

"அன்னைக்கு என் கை ஆடல. ஒரு படமாவது கெட்டுதா?"